மூச்சு முட்டிய தொட்டி

அந்த ஆஸ்பத்திரியில் கட்டில்களுக்குக் குறைவில்லை, தலையணைக்குத்தான் பஞ்சம். சுருட்டிய துண்டையோ மடித்த போர்வையையோ தலைக்கு வைத்துப் படுத்திருந்தார்கள் நோயாளிகள். அதுவும் இல்லாத ஒரு பெரியவர் தன் கையையே மடித்து வைத்திருந்தார். அவருக்கு அடுத்த கடைசிக் கட்டிலில் இருந்தவன் மட்டும் ஒரு கருஞ்சிவப்பு வெல்வெட் குஷனில் தலை சாய்த்திருந்தான். குஷனின் மூலையில் தங்க நூலில் ஓர் இலை. முழங்கையிலிருந்து விரல் நுனிவரை அவன் இரண்டு கைகளிலும் கட்டு. வார்டு வாசலில் அவனுக்காக ஓர் இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். ராஜமரியாதை அத்தோடு சரி.

அவன் நகரத்துக் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆபரேட்டர். சாயங்காலம் டாக்டர் அவனை வெளியே அனுப்புவார், இன்ஸ்பெக்டர் உள்ளே அனுப்புவார் என்பது ஏற்பாடு. அதற்குள் உண்மையைக் கண்டுபிடித்துத் தரச்சொல்லி அவன் மனைவி அழுதுகொண்டே போய் நின்ற இடம், அண்ணியின் வீட்டு வாசல்.

துப்பறியும் தொழிலில் இருந்த அந்த அம்மாளை ஊரே அண்ணி என்றுதான் கூப்பிட்டது. கூடவே சுற்றும் கொழுந்தன் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊர் வாயிலும் அது ஒட்டிக்கொண்டது. கப்பல் வேலைக்குப் போன அண்ணன், தம்பியை மனைவிக்குத் துணையாக விட்டுப் போயிருந்தார். கார் ஓட்டவேண்டும், பை தூக்கவேண்டும், வாயை மூடிக்கொண்டிருக்கவேண்டும். முதல் இரண்டும் கொழுந்தனுக்குக் கைவந்த கலை.

புகார் சுருக்கமானது. நிலையத்தில் ஹைப்போ என்று ஒரு திரவத்தைப் பெரிய தொட்டியில் சேமித்து வைப்பார்கள். குடிநீரில் சொட்டுச் சொட்டாக விட்டால் அது கிருமிநாசினி, தொட்டி நிறைய இருக்கும்போது தோலை உரிக்கும் காரம். அதோடு ஆசிட் கலந்துவிட்டால் கிளம்புகிற நச்சுப்புகை ஒரு தெருவையே படுக்கவைத்துவிடும். முந்தாநாள் சாயங்காலம் அந்தத் தொட்டி நசுங்கிப் பிளந்தது. திட்டு வாங்கிய கோபத்தில் ஆபரேட்டர்தான் உடைத்தான், போதாததற்கு ஆசிட் கேன்களையும் கலக்கத் தூக்கி வந்தான் என்று மேனேஜர் எழுதிக் கொடுத்திருந்தார்.

அண்ணியும் கொழுந்தனும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தார்கள், ஆபரேட்டர் வாயைத் திறக்கவில்லை. என்ன கேட்டாலும் தொண்டை கரகரக்க ஒரே பதில்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"கைதானே வெந்திருக்கு, வாயுமா?" என்றான் கொழுந்தன்.

அண்ணி திரும்பி ஒரு பார்வை பார்த்தார். கொழுந்தன் கூரையிலிருந்த மின்விசிறியை ஆராயத் தொடங்கினான். அண்ணி ஸ்பூனால் நோயாளிக்குத் தண்ணீர் புகட்டினார், கட்டின்மேல் ஈ உட்காராமல் போர்வை நுனியை இழுத்துவிட்டார். அப்புறம்தான், அன்றைக்கு ஏன் கையுறை போடவில்லை என்று கேட்டார். அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். தங்க இலை அவன் காதோரம் அமுங்கியது.

பதில் மனைவியிடமிருந்து வந்தது. போன வாரமே அவர் கையுறை காணாமல் போய்விட்டதாம். கேட்டால், இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது என்கிறாராம்.

"தலையணை மட்டும் ஜோரா இருக்கே, எந்தக் கடையில?" என்று கொழுந்தன் பேச்சை மாற்றினான். வேலை செய்யும் இடத்திலிருந்து யாரோ கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள், தான் வரும்போதே இருந்தது என்றாள் அவள்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர், தூக்கம் போதாதவர். மேனேஜரிடம் ஒரு கையெழுத்து பாக்கி இருப்பதாகச் சொல்லி அவரும் அண்ணியின் காரிலேயே ஏறிக்கொண்டார். வண்டி கிளம்புமுன் வழக்கம்போல அண்ணி கண்ணை மூடி ஒரு நிமிடம் கும்பிட்டார். பொய் சொல்கிறவனுக்கும் நல்ல புத்தி கொடு என்பது அவர் வேண்டுதல். கொழுந்தனின் வேண்டுதல் பிரேக்கைப் பற்றியது.

*

நிலையத்தின் கேட்டிலேயே பெயிண்ட் வாடை வரவேற்றது. முந்தாநாள் காலையில் பெரிய விருந்தாளிகள் வந்து பார்வையிட்டுப் போனார்களாம். அவர்களுக்காக மேனேஜர் கேட்டுக்குப் பெயிண்ட், தூணுக்குப் பெயிண்ட், பூச்செடித் தொட்டிக்குப் பெயிண்ட் என்று அன்று விடிந்ததிலிருந்து அடிக்கவைத்திருந்தார். ஹைப்போ அறைக்கதவில் 'ஆபத்து' என்று எழுதியிருந்த பலகையின் மேலும் வெள்ளை பூசியிருந்தது. ஆபத்தை இவ்வளவு சுலபமாக ஒழித்தவரை கொழுந்தன் அதுவரை பார்த்ததில்லை.

மேனேஜர் மூக்கில் கைக்குட்டையோடு வந்தார். ஆள் வருமுன் அவர் சென்ட் வந்தது. தன்னைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள் என்ற நினைப்பில் நடக்கிற நடை.

உள்ளே, கூரையை முட்டும் உயரத்தில் அந்தப் பிளாஸ்டிக் தொட்டி நின்றிருந்தது. நின்றிருந்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. பல் போன கிழவரின் கன்னம்போல அதன் பக்கங்கள் உள்வாங்கிக் கிடந்தன. அடியில் நீளமாக ஒரு விரிசல். பிளந்து கொட்டிய திரவம் வெளியே ஓடாதபடி தொட்டியைச் சுற்றி இடுப்பளவு தடுப்புச்சுவர் கட்டியிருந்தார்கள். அது மொத்தத்தையும் பிடித்து நிறுத்திவிட்டது. நிலையத்தில் அன்றைக்குத் தன் வேலையைச் செய்தது அந்தச் சுவர். வேலையைச் செய்த இன்னொருவன் ஆஸ்பத்திரியில் கட்டோடு படுத்திருந்தான்.

"உதைச்சே உடைச்சிருக்கான், பாருங்க" என்றார் மேனேஜர்.

கொழுந்தன் தொட்டியை மேலும் கீழும் பார்த்தான். "இந்த உதைக்கு யானை வேணும் சார். சாயங்கால ஷிஃப்ட்டுக்கு யானை போட்டிருந்தீங்களா?"

மேனேஜர், கூலிக்கு வந்தவனிடம் பேசும் பழக்கம் தனக்கு இல்லை என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். கொழுந்தனுக்கும் அண்ணி கூலி கொடுக்கும் பழக்கம் இல்லை. ஆகவே அவன் மனம் புண்படவில்லை.

அண்ணி கதவுக்கு வெளியே குனிந்துகொண்டிருந்தார். ஆசிட் கேன்கள் அங்கே தாறுமாறாகக் கிடந்தன, அவசரத்தில் இறக்கியதுபோல. கொழுந்தன் ஒன்றைத் தொடப்போனான். தொடாதே என்று தடுத்துவிட்டு, ஒரு குச்சியால் கேனின் அடி விளிம்பைக் காட்டினார். சாம்பல்நிறப் பெயிண்ட் ஒட்டிக் காய்ந்திருந்தது. பிறகு, திரவத்தை இறைத்துக் காலிசெய்திருந்த தடுப்புச்சுவருக்கு உள்ளே எட்டிப் பார்த்தார். சாம்பல் பெயிண்ட் பூசிய தரையில் கேன் அளவுக்கு வட்டம் வட்டமாகத் தடங்கள், தொட்டி காலடியிலேயே.

"பெயிண்ட் எப்ப அடிச்சது?" என்று கேட்டார்.

விடியற்காலையில் என்றார் மேனேஜர் பெருமையாக. மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும் உயர்ந்த ரகமாம்.

"அப்ப இந்தக் கேனெல்லாம் ஈரம் காயறதுக்கு முன்னாடியே உள்ள வந்திருக்கு. ஆபரேட்டர் வேலைக்கு வந்ததே சாயங்காலம். உள்ள கொண்டுபோய் வச்சது அவன் இல்ல. அவன் வெளியே தூக்கிப் போட்டிருக்கான்."

முற்றத்தில் கிடந்தால் விருந்தாளிகளின் கண்ணை உறுத்துமென்று யாரோ கேன்களை உள்ளே ஒளித்துவைத்திருக்கவேண்டும் என்றார் அண்ணி. ஹைப்போ தொட்டியின் காலடியில் ஆசிட்டை வைப்பது தொட்டிலுக்கு அடியில் அடுப்பு மூட்டுவதற்குச் சமம். தொட்டி பிளந்து திரவம் ஏறிக்கொண்டிருக்கையில், கேன்கள் உடைந்து கலப்பதற்குள் அவன் அதற்குள்ளேயே இறங்கி ஒவ்வொன்றாகத் தூக்கியிருக்கிறான். காலில் ரப்பர் பூட்ஸ், கையோ வெறுங்கை.

இன்ஸ்பெக்டரின் தூக்கம் கலைந்தது. ஆனாலும் தொட்டியை யார் உடைத்தது என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

தொட்டியின் உச்சியிலிருந்து ஒரு காற்றுக்குழாய் கிளம்பிச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போயிற்று. அண்ணியும் வெளியே போனார். குழாய் வெளிச்சுவரில் சற்று ஏறி, தலைகுனிந்து வாயைத் திறந்தபடி நின்றது. நேர் மேலே, திரைச்சீலை போட்ட ஒரு ஜன்னல். குழாய்க்கும் அன்றுதான் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அதன் கழுத்தைச் சுற்றி, பெயிண்ட்டில் ஒட்டிக்கொண்டு நீலநூல் பிசிறுகள். ஈரம் காயுமுன் யாரோ எதையோ இறுக்கிக் கட்டிய தடம்.

"மேல யாரோட ரூம்?"

"என்னோடது" என்றார் மேனேஜர். சென்ட் வாசனையில் லேசாக வியர்வை கலந்தது.

*

மேனேஜரின் அறையைப் பார்த்தால் அந்த நிலையம் தண்ணீரைச் சுத்தம் செய்கிறதா, அவருக்குச் சிம்மாசனம் செய்கிறதா என்று சந்தேகம் வரும். சுவரின் நடுவில் புத்தம்புதிய ஃபிரேமில் ஒரு போட்டோ. முந்தாநாள் காலையில் விருந்தாளிகள் இதே சோபாவில் உட்கார்ந்திருக்க, நடுவில் நின்றுகொண்டு மேனேஜர் எல்லாப் பல்லையும் காட்டினார். தொழிலாளி ஒருவன் ஆஸ்பத்திரியில் கிடக்க, மறுநாளே மறக்காமல் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறார். கடமை தவறாதவர்.

கொழுந்தன் அதே சோபாவில் சாய்ந்து, முதுகுக்கு ஒரு குஷனை அணைத்துக்கொண்டான். அண்ணி பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அவனிடம் நீட்டி, வாயை எடுக்காமல் உறிஞ்சிக் குடிக்கச் சொன்னார். அவன் குடித்தான். பாட்டில் கிறீச்சிட்டுக்கொண்டே ஒட்டிப்போய் உள்ளே நசுங்கியது.

"நான் உதைக்கல, இன்ஸ்பெக்டர். நீங்களே சாட்சி."

அண்ணி விளக்கினார். பெரிய தொட்டியிலிருந்து சின்னத் தொட்டிக்கு மருந்து இறைப்பது சாயங்கால ஷிஃப்ட்டின் முதல் வேலை. உள்ளிருந்து திரவம் போகப்போக, காற்றுக்குழாய் வழியாகத் தொட்டி மூச்சு இழுத்துக்கொள்ளவேண்டும். குழாயின் வாயை அடைத்துவிட்டு பம்ப்பைப் போட்டால், தொட்டி இந்த பாட்டிலாகிவிடும். விருந்தாளிகளின் மூக்குக்கு ஹைப்போ வாடை படக்கூடாதென்று யாரோ காலையிலேயே குழாயை அடைத்திருக்கிறார்கள். அடைத்தவர் சாயங்காலம் அதைத் திறக்க மறந்துவிட்டார்.

மேனேஜர் மெதுவாகக் கை தட்டினார். "நல்ல கதை. எதை வச்சு அடைச்சாங்க? அது எங்க? கொண்டுவந்து காட்டுங்க, நானே புகாரைக் கிழிச்சுப் போடறேன்."

காட்டுவதற்கு அண்ணியிடம் நாலு நீலப் பிசிறுகள்தான் இருந்தன. இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். டாக்டர் இந்நேரம் டிஸ்சார்ஜ் எழுதிக்கொண்டிருப்பார்.

அப்போது துப்புரவு வேலை செய்யும் அம்மாள் தண்ணீர்த் தம்ளர்களோடு உள்ளே வந்தாள். கைகளில் அவளுக்குத் தொளதொளவென்றிருந்த ரப்பர் கையுறை, தோளில் நீலத் துடைப்புத்துணி. அண்ணி எழுந்து போய்த் தட்டை வாங்கிக்கொண்டு, நன்றிம்மா என்றார். அந்த அறையில் அவளுக்கு யாரும் நன்றி சொல்லி வழக்கமில்லை போலும், விழித்தாள்.

"கையுறை ரொம்பப் பெருசா இருக்கேம்மா."

"எங்களுக்கு இங்க குடுக்கிறதில்லம்மா. வெறுங்கையால கழுவுறதப் பார்த்துட்டு ஒருத்தர் தன்னோடதக் கழட்டிக் குடுத்தாரு."

அண்ணி அதற்குமேல் கேட்கவில்லை. கொழுந்தன் பதற்றத்தில் முதுகுக்குப் பின்னாலிருந்த குஷனை மடிக்கு இழுத்துப் பிசைந்துகொண்டிருந்தான். விரலில் ஏதோ நெருடியது. மூலையில், தங்க நூலில் ஓர் இலை. சோபாவின் மறுகோடியில் இன்னொரு குஷன், அதே கருஞ்சிவப்பு, அதே இலை. மூன்று பேர் உட்காரும் சோபாவில் நடு இடத்துக்கு மட்டும் குஷன் இல்லை.

"அண்ணி, இந்தக் குஷனோட கூடப்பிறந்தது ஒண்ணு ஆஸ்பத்திரியில அட்மிட் ஆயிருக்கு. கடைசிக் கட்டில்."

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டான். மேனேஜர் துள்ளி எழுந்துவிட்டார்.

"கேட்டீங்களா இன்ஸ்பெக்டர்? என் ரூமில இருந்து குஷனைத் திருடி, அதை வச்சே குழாயை அடைச்சிருக்கான். திருடின பொருள் மேலயே தலைய வச்சுப் படுத்திருக்கான். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

இன்ஸ்பெக்டர் கொழுந்தனைப் பார்த்த பார்வையில் அனுதாபம் இருந்தது. காப்பாற்ற வந்தவனே கழுத்தில் கயிற்றைப் போட்ட கதையாகிவிட்டது. தன் வாயைத் தைத்துவிட ஊசியும் நூலும் கிடைக்குமா என்று கொழுந்தன் உண்மையிலேயே யோசித்தான்.

அண்ணி மட்டும் சுவர்ப்பக்கம் போய் நின்றார்.

"போட்டோ ரொம்ப நல்லா வந்திருக்கு சார். காலையில விருந்தாளிங்க வந்தப்ப எடுத்தது. வெயில்கூட ஜன்னல்ல தெளிவா இருக்கு. சோபாவில மூணு பேர் உட்கார்ந்திருக்காங்க. ரெண்டு பேர் முதுகுக்குக் குஷன் இருக்கு, நடுவுல இருக்கிற பாவப்பட்டவருக்கு இல்ல. ஆபரேட்டர் சாயங்காலம்தான வந்தான்? காலையிலயே குஷன் எங்க போச்சு?"

சென்ட் தோற்றுப்போய் வியர்வை ஜெயித்தது. துவைக்கப் போட்டிருந்ததாகச் சொன்னார் மேனேஜர். ஒன்றை மட்டுமா என்று கொழுந்தன் கேட்டான்.

அண்ணி துப்புரவு அம்மாளிடம் திரும்பினார். குரலை இறக்கிக்கொண்டார். "நீங்க சொல்லித்தான் ஆகணும்னு இல்லம்மா. ஆனா அந்தத் தம்பி ஏன் வாயே திறக்கலன்னு எனக்கு இப்பதான் புரியுது. குழாயில கட்டியிருந்த நீலத்துணி யாரோடதுன்னு அவனுக்குத் தெரியும்."

அவள் கையுறைகளைக் கழற்றினாள். ஒவ்வொரு விரலாக, நிதானமாக.

"நான்தாம்மா கட்டினேன். சார் சொன்னாரு, குஷனைக் குழாய் வாயில வச்சு, மேல பிளாஸ்டிக் பையைப் போட்டு இறுக்கிக் கட்டுன்னு. எதுக்குன்னு எனக்குத் தெரியாது. அந்தக் கேனையும் சார்தான் உள்ள தள்ளச் சொன்னாரு. தொட்டி வெடிச்சப்ப தம்பிதான் ஓடி வந்து இதையெல்லாம் பிச்சுப் போட்டுட்டு உள்ள போச்சு."

"இவ பேச்சை யார் கேட்பா?" என்று மேனேஜர் சீறினார். "எரிக்கச் சொன்னா எரிக்கவேண்டியதுதானே, அதை எதுக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன?"

கொழுந்தன் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொல்ல ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தான். தேவையும் இல்லை, எல்லாவற்றையும் மேனேஜரே சொல்லிவிட்டார்.

"எதை எரிக்கச் சொன்னீங்க சார்?" என்று இன்ஸ்பெக்டர் மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

*

ஆஸ்பத்திரியில் ஆபரேட்டரின் தலையை மனைவி மெல்லத் தூக்கிப் பிடிக்க, இன்ஸ்பெக்டர் குஷனை உருவித் திருப்பினார். அடிப்பக்கத்து வெல்வெட்டில், குழாய் வாயின் அளவுக்குக் கச்சிதமாக, நிறம் வெளுத்த ஒரு வட்டம். காலையிலிருந்து சாயங்காலம்வரை ஹைப்போ ஆவி மூச்சுவிட முயன்ற இடம் அது. அவரிடமே வாக்குமூலம் சொல்லியிருக்கவேண்டிய சாட்சி உள்ளே கிடக்க, அவர் இரண்டு நாளாக வார்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஏன் எரிக்கவில்லை என்று அவர் கேட்டதற்கு, கூடவே காரில் வந்திருந்த துப்புரவு அம்மாளுக்குச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. நல்ல குஷன், தம்பிக்குத் தலைக்கு வைக்க எதுவும் இல்லை, வெளுத்த பக்கத்தை அடியில் போட்டேன் என்றாள். சாட்சியைக் காப்பாற்றும் எண்ணமெல்லாம் அவளுக்கு இல்லை. கடவுள் பெரிய காரியங்களுக்கு இப்படிச் சின்னச் சின்ன அன்பான காரியங்களைத்தான் எடுத்துக்கொள்கிறார் என்று அண்ணி பின்னால் கொழுந்தனிடம் சொன்னார்.

ஆபரேட்டர் அவளைக் கோபமாகப் பார்த்தான்.

"உங்கள யாருக்கா பேசச் சொன்னது? வேலை போயிட்டா என்ன பண்ணுவீங்க?"

"நீ பேசல. அதான் நான் பேசினேன்."

சொன்னதைச் செய்தவள்மேல் வழக்கில்லை, சொன்னவர்மேல்தான் என்று இன்ஸ்பெக்டர் அவளுக்கு உறுதி சொன்னார். அவள் இடுப்பில் செருகியிருந்த கையுறைகளை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். கட்டுப்போட்ட கையால் அவன் அதை அவள் பக்கமே தள்ளினான்.

"நாளைக்கு அந்த ரூமை நீங்கதான கழுவணும்? வச்சுக்குங்க."

மனைவி இன்னும் அவன் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். டிஸ்சார்ஜை டாக்டர் தள்ளிப்போட்டிருந்தார்; குஷனோ இப்போது போலீஸ் பொருள், தலைக்குக் கீழே வைக்க ஒன்றுமில்லை. அண்ணி போர்வையை மடிக்கப்போனார். அதற்குள் கொழுந்தன் காருக்கு ஓடிப்போய்த் திரும்பிவந்தான். இரண்டு கக்கத்திலும் ஒவ்வொரு கருஞ்சிவப்புக் குஷன்.

"இது எப்படிடா வந்துச்சு?" என்றார் அண்ணி.

"வெளுக்காத ரெண்டும் சாட்சிதானே அண்ணி. ஒப்பிட்டுப் பார்க்க வேணாமா? கேஸ் முடியறவரைக்கும் பத்திரமா ஒரு இடத்துல வைக்கணும்."

ஒன்றை ஆபரேட்டரின் தலைக்கு வைத்தான். இன்னொன்றோடு பக்கத்துக் கட்டிலுக்குப் போய், தூங்கிக்கொண்டிருந்த பெரியவரின் மரத்துப்போன கையை மெதுவாக விடுவித்து, அந்த இடத்தில் வைத்தான். இன்ஸ்பெக்டர் ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பார்க்க ஒரு மொட்டைச்சுவரைத் தவிர எதுவும் இல்லை.